ஆட்டுக்கல் இருந்த இடம்

அன்று எங்கள் காட்டில், எங்கள் மேட்டுநிலத்தில், இருந்தவர்கள் ஏழு பேர். சென்னிமலையாகிய நான், வயது எழுபத்திரண்டு. என் மனைவி மயிலம்மாள். பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் என் மகன் அன்பரசு. மருமகள் அறிவுச்செல்வி. அவர்களுடைய மகள் தேவிப்ரியா, நான்கு வயது. குழி தோண்ட வந்த சென்றாயன். பந்தலுக்குக் கல்தூண் ஏற்றிவந்த குட்டியானை வண்டிக்காரன் மாதேஷ். எட்டாவது ஆள் கிடையாது. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்ததாகவும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகவும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்துக் காட்டில் அன்று மரவள்ளி நெஞ்சு உயரத்துக்கு நின்றது. அதற்குள் ஆடு விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இரண்டு கல் தொலைவில் எங்கள் ஊர். இந்தப் பக்கத்தில் என் பெயரைச் சொன்னால் தண்ணீர் என்று புரிந்துகொள்வார்கள். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு காட்டில் நடப்பேன். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அந்த இடத்தில் குதிகாலால் ஒரு கோடு கிழிப்பேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி அந்தக் கோட்டின் மேல் வந்து நிற்கும். என் அப்பாவும் இதைச் செய்தார். வெற்றிலை பாக்குக்கு மேல் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. சென்னிமலை காட்டிய போர்வெல் இருக்கிற காடு என்று கேட்டு, அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தவர்கள் உண்டு.

ஆகவே பதினான்கு வருடங்களுக்கு முன்னால் எங்கள் சொந்தக் காட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அது வைகாசி மாதம். ஊரே திருச்செங்கோட்டுத் தேருக்குப் போயிருந்தது. என் பங்காளி வேலுசாமியின் ரிக் அந்த இரண்டு நாளும் சும்மா நின்றதால் எங்கள் காட்டுக்கு அனுப்பிவைத்தான். மோட்டார் அறை இப்போது இருக்கும் இடத்துக்கு மேற்கே ஓரிடத்தில் தேங்காய் எழுந்தது. கோடு கிழித்தேன். எழுநூற்று நாற்பது அடி ஓட்டினார்கள். கடைசி வரை வெள்ளைப் புழுதிதான் பறந்தது. ஒரு கை ஈரம்கூட மேலே வரவில்லை. மேல்மண் சரியாமல் இருக்க இறக்கியிருந்த இருபதடிக் குழாயை, கேசிங் பைப்பை, உருவி எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வராத குழியில் கேசிங்கை விட்டுவைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்து ரிக்காரர்களிடம் அப்போது இல்லை.

அடுத்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். தேங்காய் என் கையில் இருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரிக் டிரைவர் சொன்னான், "கொழாய் ஏத்தியாந்த சப்போர்ட் லாரி நிக்கிற எடத்துலயே ஓட்டிப் பாக்கலாமுங்க. அங்க தரை மட்டமா இருக்குது, ரிக்கை நிறுத்தச் சௌகரியம்." நானூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் பீறிட்டது.

தேர் பார்த்துத் திரும்பியவர்கள் வாய்க்காலில் ஓடிய தண்ணீரில் கால் நனைத்தார்கள். "சென்னிமலை காட்டுனாத் தப்புமா?" என்றார்கள். நான் மறுக்கவில்லை.

வறண்ட குழியின் வாயில், கல் நிரப்பிய சணல் சாக்கு ஒன்றை அடைத்து மேலே மண்ணை இழுத்துவிட்டேன். பலகைக்கல் போட்டு மூடியிருக்க வேண்டும். பலகைக்கல் கிடந்தால் அது ஏன் அங்கே கிடக்கிறது என்று யாராவது கேட்பார்கள். ஒரு மாதம் கழித்து மயிலம்மாள் வீட்டிலிருந்த பழைய ஆட்டுக்கல்லை ஆள் வைத்து உருட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தின் மேல் போட்டாள். கிரைண்டர் வந்துவிட்டது, இது வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று ஆட்களிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உழவு ஓட்டும்போது டிராக்டர் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போகும். பதினான்கு வருடம் அப்படியே போனது. வேலுசாமியும் காலமாகிவிட்டான். அன்பரசு அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு எதுவும் தெரியாது.

அறிவுச்செல்வி சேலத்துப் பெண். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, குழந்தைக்காக வேலையை விட்டவள். சித்திரையில் ஒருநாள் என்னிடம் வந்து கேட்டாள், "மாமா, மோட்டார் ரூமுக்கு மேக்கால இருவது சென்டு சும்மாதான கெடக்குது. நான் காய்கறி போடட்டுங்களா?"

எங்கள் காட்டில் மரவள்ளி விளைந்திருக்கிறது, சோளமும் கடலையும் விளைந்திருக்கிறது. காய்கறி விளைந்ததில்லை. கத்தரிக்காயைச் சந்தையில் வாங்கித்தான் தின்றோம். எங்கள் வீட்டுக்கு வந்த பெண் நிலத்தில் கை வைக்க ஆசைப்படுவது எனக்குப் பெருமையாக இருந்தது. போடு அம்மிணி என்றேன். ஆட்டுக்கல் ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. கல் அங்கே கிடக்கிறவரை அவளும் அதைச் சுற்றித்தான் பாத்தி போடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் அவள் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வரைந்து அழித்தாள். ஒரு கட்டம் ஓரடி. மேற்கு வேலியோரம் ஆடிக் காற்றைத் தடுக்க அகத்தி. வடக்கே பாகலுக்கும் புடலைக்கும் கல்தூண் பந்தல். நடுவில் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கீரை. எந்தப் பாத்தியும் நாலடிக்கு மேல் அகலம் இல்லை, இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும் என்றாள். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஆள் நடக்க இரண்டடித் தடம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் நான் அந்த நோட்டை உற்றுப் பார்த்தேன். ஆட்டுக்கல்லை அவள் எங்கும் வரைந்திருக்கவில்லை. வரைய மறந்திருப்பாள் என்று நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன்.

ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோடு போடுவதென்று முடிவானது. ஆடி பதினெட்டுக்கு விதை விழ வேண்டும் என்பது அவள் கணக்கு. சனிக்கிழமை முழுவதும் நான் ஒரு கல்யாண வேலையாக வெளியூரில் இருந்தேன். ஞாயிறு காலை ஏழரை மணிக்குக் காட்டுக்குப் போனேன்.

இருபது சென்டும் மண்வெட்டியால் செதுக்கி, முள்ளும் கல்லும் பொறுக்கி, களம் போலச் சுத்தமாகக் கிடந்தது. என் கண் ஆட்டுக்கல்லைத் தேடியது. அது மேற்கு வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது.

கல் கிடந்த தடமும் இல்லை. சென்றாயன் வேலை சுத்தமான வேலை. மோட்டார் அறையிலிருந்து மேற்கே பதினைந்து தப்படி என்பது என் நினைவு. ஆனால் மோட்டார் அறை பிறகு கட்டியது. அப்போது அடையாளத்துக்கு நின்ற பனையும் இப்போது இல்லை. நடந்து பார்த்தேன். பதினைந்தா, பதினேழா? காலைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் நின்றேன். இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் காடு முழுவதும் ஈரமாகக் கறுத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும், ஒரு முறம் அகலத்துக்கு, மண் வெளுத்துக் காய்ந்திருந்தது. அந்த இடத்து ஈரம் மட்டும் எங்கோ இறங்கிப் போயிருந்தது.

"என்னங்க மாமா, நீங்களும் அளக்கறீங்களா?" என்று சிரித்தாள் அறிவுச்செல்வி. அவள் கையில் நைலான் கயிறும் முளைக்குச்சிகளும் இருந்தன. அன்பரசு அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பிக்கொண்டிருந்தான்.

மாதேஷ் வண்டியைப் பின்பக்கமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கியதும் கோடுகளைப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், நாலு கத்திரிச்செடி வெக்கறதுக்கே இத்தன கோடுன்னா, நீங்க ஊடு கட்டுனா ஊரையே அளந்துருவீங்களாட்ட இருக்குது" என்றான்.

"நீ கல்ல எறக்குடா" என்றான் சென்றாயன். "அவிய கணக்கு உனக்கு வெளங்காது. பத்தாவதுல மூணு தடவ கோட்டடிச்சவன் நீயி."

"மூணு இல்லீங்ணா, ரெண்டுதான். மூணாவது தடவ போகவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தேவிப்ரியா ஒரு சின்ன எவர்சில்வர் சொம்போடு சுற்றிச் சுற்றி ஓடினாள். அவள் கால் எங்கே படுகிறது என்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று மேற்கிலிருந்து தொடர்ந்து அடித்தது. மேகம் இறங்கி நின்றதே தவிர மழை வரவில்லை.

பந்தலுக்கு அளவு எடுத்தார்கள். "முன்வரிசையில ரெண்டாவது தூணு இங்க வருதுங்க" என்று அறிவுச்செல்வி ஒரு முளைக்குச்சியை ஊன்றினாள். மற்றக் குச்சிகளைச் சென்றாயன் கல்லால் தட்டித்தான் இறக்கினான். இது அவள் கை அழுத்தத்திலேயே பாதிக்கு மேல் இறங்கியது. "இந்த எடத்துல மண்ணு பொதபொதன்னு நல்லா இருக்குதுங்க" என்று சந்தோஷப்பட்டாள். வெளுத்த மண்ணின் ஓரத்தில்தான் அந்தக் குச்சி நின்றது.

சென்றாயன் கடப்பாரையை எடுத்தான்.

"அங்க தூணு வேண்டாம் அம்மிணி" என்றேன்.

"ஏனுங்க மாமா?"

"அது வாயு மூலை. கல்லு ஊனக்கூடாது."

"அப்பா எப்ப இருந்துங்க வாஸ்து பாக்க ஆரம்பிச்சீங்க?" என்றான் அன்பரசு.

"தண்ணியப் பாக்கறவருக்குக் காத்தப் பாக்கத் தெரியாதாக்கும்?" என்றான் மாதேஷ்.

அறிவுச்செல்வி வாதம் செய்யவில்லை. என் பேச்சுக்கு அவள் எப்போதும் மரியாதை கொடுப்பவள். நோட்டைப் பார்த்து, கட்டங்களை எண்ணி, பந்தலைப் பத்தடி கிழக்கே தள்ளினாள். குச்சியைப் பிடுங்கினாள். குச்சி இருந்த துளையின் விளிம்பிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உதிர்ந்தது. அவள் அதற்குள் திரும்பிவிட்டாள்.

பந்தல் தள்ளியதால் அங்கே பத்துக்கு எட்டு அடி காலியாக நின்றது. "அப்ப இந்த எடத்துல குப்பக்குழி எடுத்தறலாமுங்க. மூணடி ஆழம் போதும்" என்றாள்.

"குப்பக்குழி வேண்டாம். மேக்காத்துக்கு நாத்தம் ஊட்டுக்குத்தான் வரும்."

"சரிங்க மாமா. அத வேலிக்கு வெளிய போட்டுக்கலாம்." மறுபடியும் எண்ணினாள். மறுபடியும் அழித்தாள். வேலை தள்ளிப்போவது அன்பரசுக்குப் பிடிக்கவில்லை. "அப்பா, ஒரே தடவையில எங்கெங்க வேண்டாம்னு சொல்லீருங்க, முடிச்சுட்டுப் போலாம்" என்றான்.

ஒரே தடவையில் சொல்லியிருக்கலாம். மகன் கேட்டான், அவ்வளவுதான் தேவைப்பட்டது. மாதேஷ் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் அவன் வண்டி போகாத காடு இல்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போதுதான் குழந்தை வந்து அம்மாவின் சேலையை இழுத்தது. "அம்மா, எனக்கு எந்தப் பாத்தி?"

அறிவுச்செல்வி காலியாக நின்ற இடத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இதுதான் உனக்கு. தேவிப்ரியா பாத்தி. தண்டங்கீரை போடலாமா?" பிறகு என்னைப் பார்த்தாள். "இதுக்குத் தோண்ட வேண்டியதே இல்லீங்க மாமா. மேலாக் கிளறி வெதையத் தூவுனாப் போதும். சரிங்களா?"

தோண்ட வேண்டியதில்லை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு மூச்சு இறங்கியது. "சரி" என்றேன்.

சரி என்ற சொல் வெளியே போன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் அன்பரசு சுண்ணாம்பு டப்பாவைத் தட்டிக்கொண்டு நாலடி அகலத்தில் நாலு பக்கமும் கோடு போட்டுவிட்டான். வெளுத்த மண் சரியாக நடுவில் இருந்தது.

நாளைக் காலையில் சென்றாயனை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டு வருவேன், ஒரு பலகைக்கல்லை இறக்குவேன், யாருக்கும் தெரியாது என்று மனதுக்குள் திட்டம் போட்டேன். ஒருநாள்தானே. சாக்கு இருக்கிறது. ஆனால் சணல் சாக்கு மண்ணுக்குள் எத்தனை வருடம் தாங்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல.

குழந்தை தன் பாத்தியில் வேலையை ஆரம்பித்துவிட்டது. மோட்டார் அறைத் தண்ணீர்த் தொட்டியில் சொம்பை முக்கிக்கொண்டு ஓடும், கோட்டின் இந்தப் பக்கம் நின்றபடி நடுவில் ஊற்றும், மறுபடி தொட்டிக்கு ஓடும். வழியில் சிந்திய தண்ணீர் ஈர மண்ணில் கொஞ்ச நேரம் தேங்கி நின்றது. அங்கே ஊற்றியது நிற்கவில்லை. ஊற்றிய உடனே போனது. ஆறாவது சொம்போ ஏழாவது சொம்போ, அதன் பிறகு குழந்தை குனிந்து பார்த்தாள்.

"அப்பாரு, மண்ணு எல்லாத் தண்ணியும் குடிச்சிருச்சு. சத்தம் கேக்குது" என்று தாத்தாவாகிய என்னிடம் சொன்னாள்.

"என்ன சத்தம் சாமி?" என்று தூணைப் பிடித்துக்கொண்டிருந்த சென்றாயன் கேட்டான்.

"களக்களக்குன்னு."

"உங்கப்பாரு காட்டுல மண்ணுகூடப் பேசும் சாமி" என்றான் அவன்.

"நடுவில போகாத கண்ணு, இங்க வா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழந்தை கோட்டைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

மயிலம்மாள் டீத் தூக்குடன் மோட்டார் அறைப் பக்கமாக வந்தது அந்த நேரத்தில்தான். வந்தவள் காட்டை ஒரு தடவை பார்த்தாள். "ஆட்டுக்கல்லு எங்க?" என்று கேட்டாள்.

"அது நேத்து சென்றாயண்ணன் உருட்டி வேலியோரமாப் போட்டுட்டாருங்க அத்தை. நாந்தான் சொன்னேன், பாத்திக்கு நடுவுல எடஞ்சலா இருந்துச்சு."

மயிலம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள். ஓடவில்லை. ஓடினால் குழந்தை விளையாட்டென்று நினைத்து எதிர்ப்பக்கம் ஓடும் என்று பிறகு சொன்னாள். சுண்ணாம்புக் கோடுகளை மிதித்துக்கொண்டு நேராக நடந்தாள். பாத்திக்கு வெளியே நின்று, குனிந்து, குழந்தையை ஒரு கையால் அக்குளுக்கடியில் பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சொம்பு நழுவிப் பாத்தியின் நடுவில் விழுந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுங்களா?"

நாற்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்வில் ஆட்கள் முன்னால் அவள் என்னைக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவகாசம் கொடுத்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"இங்க ஒரு போரு இருக்குது" என்றாள். "எழுநூத்தி நாப்பது அடி. இவிய காட்டுன எடம். தண்ணி வரல. கேசிங்க உருவிட்டுப் போயிட்டாங்க. சாக்க அடச்சு மண்ணத் தள்ளி உட்டாச்சு. ஆட்டுக்கல்லப் போட்டு வெச்சது நானு."

அன்பரசு முதலில் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. "அம்மா, மாதேஷ் நிக்கறான்" என்றான்.

"நிக்கட்டும். அவனுக்கும் காலு இருக்குதல்ல? மிதிச்சா அவனும் எறங்குவான்."

மாதேஷ் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தவன் கால்களை மேலே தூக்கிக்கொண்டான்.

சென்றாயன் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னான். ஒரு பந்தல் மூங்கிலைக் குறுக்கே போட்டு அதன் மேல் ஒரு காலை வைத்து, கை நீட்டி, கடப்பாரையால் நடுவில் ஒரு குத்துக் குத்தினான். ஓரடி இறங்கியது. இரண்டாவது குத்துக்குக் கடப்பாரை அவன் கைப்பிடி வரைக்கும் போய், கையை விட்டு உருவிக்கொண்டு போனது. ஐந்தடிக் கடப்பாரை. தரைக்குக் கீழே இரும்பு பாறையில் இடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி இடித்தது, இன்னும் கீழே. பிறகும் இடித்தது. சத்தம் சின்னதாகிக்கொண்டே போனதே ஒழிய நின்றது தெரியவில்லை. அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

பிறகு முறம் அகலத்துக்கு இருந்த வெளுத்த மண் ஒன்றாக இறங்கியது. சொம்பும் அதோடு போனது. நாலு பக்கமும் சுண்ணாம்புக் கோடு, நடுவில் கறுப்பு வட்டம்.

"எஞ் சொம்பு" என்று குழந்தை அழ ஆரம்பித்தது.

அறிவுச்செல்வி நைலான் கயிற்றை எடுத்து நாலு குச்சிகளில் சுற்றிக் கட்டினாள். முடிச்சு விழவில்லை, மறுபடி போட்டாள். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இது ஒண்ணுதானுங்களா மாமா, இன்னும் இருக்குதுங்களா?"

"இது ஒண்ணுதான்."

"நெசமாலுமா?"

எழுபத்திரண்டு வயதில் என் வீட்டுப் பெண் என்னை நிஜமா என்று கேட்டாள். கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. "நெசம்" என்றேன். அவள் பந்தலை அழித்த இடத்தில் ஒரு வட்டம் வரைந்தாள். ஆழம் கேட்டு எழுதினாள். எந்த வருடம் என்று கேட்டு எழுதினாள். நோட்டை மூடிவிட்டு, "நான் சரிங்களான்னு கேட்டேன். நீங்க சரின்னீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மற்ற எல்லாவற்றையும் முன்போலவே பேசுகிறாள். சாப்பாடு போடுகிறாள். குழந்தையை மட்டும் என்னோடு தனியாகக் காட்டுக்கு அனுப்புவதில்லை.

மறுநாள் ரிக்காரர்களை வரவழைத்து, சரிந்த வாயைத் திறந்து, இருபதடி கேசிங் இறக்கி, இரும்பு மூடியை வெல்டிங் வைத்து, சுற்றிலும் சிமெண்ட் மேடை போட்டோம். மேடையின் மேல் ஆட்டுக்கல்லை உருட்டி வைக்கச் சொன்னாள் மயிலம்மாள். வைத்தோம். ஆடி பதினெட்டில் விதை விழுந்தது. மேடையைச் சுற்றி ஆறடிக்கு அறிவுச்செல்வி எதையும் நடவில்லை. தேவிப்ரியாவின் பாத்தி குழாயடிக்குப் போய்விட்டது. தண்டங்கீரை நன்றாகத்தான் வந்திருக்கிறது.

இதை நான் எழுத வேண்டி வந்தது ஆவணி முதல் வாரத்தில் நடந்த ஒன்றால். எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து கலைமணி என்பவர் மனைவியோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் எங்கள் காட்டுக்கே பைக்கில் வந்து இறங்கினார். கையில் உரித்த தேங்காய் இருந்தது. போன வருடம் ஒரு காடு வாங்கினாராம். அதில் எங்கோ மூடாத பழைய போர் ஒன்று இருப்பதாக இப்போதுதான் பேச்சு வருகிறதாம். இடம் தெரியவில்லை.

"நீங்க வந்து தேங்கா வெச்சுக் காட்டோணுங்க ஐயா. உங்க பேத்திய நீங்க காப்பாத்துனது எங்கூரு வரைக்கும் தெரியுமுங்க. தேங்கா கையில எந்திரிச்சு நின்னுச்சாமா, நீங்க ஓடிப் போய்த் தூக்குனீங்களாமா."

"யாரு சொன்னது?"

"கல்லு ஏத்தற மாதேஷுங்க."

மாதேஷைப் போனில் கேட்டேன். "உங்க பையந்தானுங்க ஐயா அப்படிச் சொல்லச் சொன்னாரு. நான் என்னங்க பண்றது, நாலு எடத்துல சொல்லிட்டேன்" என்றான். அன்பரசைக் கேட்டேன். அவன் தலை குனியவில்லை. "நம்ம ஊட்டுப் பேரு என்னாவறதுங்கப்பா? அதச் சொல்லிச் சொல்லித்தான என்னைய வளத்தீங்க?" என்றான்.

கலைமணியிடம், காட்டை விற்றவரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதுவரைக்கும் பிள்ளைகளை அந்தக் காட்டில் இறக்காதீர்கள், தேங்காய் குழியைக் காட்டாது என்றேன். நடந்ததையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பெரியவங்க, அப்படித்தான் தன்னடக்கமாப் பேசுவீங்க" என்று கும்பிட்டார். அவருடைய சின்னப் பையன் அந்த நேரம் முழுவதும் சிமெண்ட் மேடையில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். போகும்போது தேங்காயை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மனசு மாறினால் சொல்லி அனுப்புங்கள் என்றார்.

மனசு மாறவில்லை. அவருக்கும், அவரைப் போல வரப்போகிற மற்றவர்களுக்கும் எழுத்தில் சொல்கிறேன். சென்னிமலை தேங்காய் வைத்துக் குழியைக் கண்டுபிடித்தார், பேத்தியைக் காப்பாற்றினார் என்று பேசப்படுவது பொய். அன்று என் கையில் தேங்காய் இல்லை. குழி அங்கே இருப்பது எனக்கு முன்பே தெரியும். நான் சொல்லவில்லை. சொன்னவள் மயிலம்மாள்.